ஐந்தாண்டு வாரண்டி ஐந்தாண்டு ஆயுள் ஆகாது

“ஐந்தாண்டு வாரண்டி உள்ள ஹார்டு டிஸ்க் அதுவரை பழுதாகாது, பழுதானாலும் நிறுவனமே கோப்புகளை மீட்டுத் தந்துவிடும்” என்றொரு செய்தி பரவி வருகிறது. இதன் இரு பாதிகளுமே தவறு.

சான்றாகக் காட்டப்படுவது, சில ஹார்டு டிஸ்க் வட்டுகளின் விவரத்தாளில் ‘பழுதாகும் வரையிலான சராசரி நேரம்’ (MTTF/MTBF) என்று அச்சிடப்படும் 10 லட்சம் மணி நேரம் என்ற எண். ஓராண்டின் 8,760 மணி நேரத்தால் அதை வகுத்தால் 114 ஆண்டுகள் வரும் என்பது கணக்களவில் சரிதான். ஆனால் அது தனியொரு வட்டின் ஆயுள் அன்று; ஆயிரம் வட்டுகள் ஓராண்டு இடைவிடாமல் ஓடினால் அவற்றுள் ஏறத்தாழ ஒன்பது பழுதாகலாம் என்ற மதிப்பீடு மட்டுமே. அந்த ஒன்பதில் உங்களுடையதும் ஒன்றாக இருக்கலாம். நடைமுறையோ இதைவிடக் கடுமையானது: கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஆண்டுக்கு 2 முதல் 4 விழுக்காடு வட்டுகள் மாற்றப்பட்டது பரவலாகக் காணப்பட்டது, சில இடங்களில் அது 13 விழுக்காடு வரை சென்றது.

வாரண்டி காப்பது வட்டை. அதிலுள்ள கோப்புகளை அன்று. மாற்றாக வருவது பெரும்பாலும் பழுது நீக்கிய வட்டு, அதுவும் வெறுமையாகவே வரும். சில வட்டுகளுடன் தரவு மீட்புச் சேவை சேர்த்து விற்கப்படுவதுண்டு. அது தனி ஏற்பாடு, அதிலும் மீட்பு உறுதியில்லை.

வட்டு தன் நிலையைத் தானே கண்காணித்துத் தரும் தன்னாய்வு எச்சரிக்கையை (SMART) நம்பியிருப்பதும் போதாது. கூகுள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், பழுதான வட்டுகளில் பாதிக்கு மேற்பட்டவை முக்கியமான நான்கு எச்சரிக்கைக் குறிகளில் ஒன்றைக்கூடக் காட்டியிருக்கவில்லை.