அவளை வைத்துக்கொண்டு பேசாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை மேடவாக்கம் கிரகப்பிரவேசத்தில் நடந்ததை, நம் சொந்தக்காரர்களில் வந்தவர்கள் பார்த்தீர்கள், வராதவர்களுக்கு அன்று சாயங்காலமே போன் போயிருக்கும், அதனால் முழுக்கதையும் சொல்லப்போவதில்லை. இலை போட்டதும் சுகர் இருக்கும் மகளுக்கு இன்சுலின் ஊசி எடுத்தேன். "பொம்பளப் புள்ள, நாலு பேர் பாக்க எதுக்கு, பாத்ரூமுக்குள்ள போய் போட்டுட்டு வா" என்றார்கள். முடியாது என்றேன். கொஞ்சம் சத்தமாகவே. இப்போது நல்ல காரியம் நடந்த வீட்டில் ரகளை பண்ணியவள் நான்தானாம்.

சரி, இருக்கட்டும். நான் கேட்பது ஒன்றே ஒன்று. அவளை வைத்துக்கொண்டு பேசாதீர்கள். என்னைத் தனியாகக் கூப்பிட்டு என்ன வேண்டுமானாலும் கேளுங்கள், திட்டவும் செய்யுங்கள். அவளுக்கு ஒன்பது வயது, காது நன்றாகவே கேட்கும். "இவளை யாரு கட்டிப்பா?" என்று நீங்கள் ரசம் சாதத்துக்கு நடுவில் கவலைப்படும்போது அவள் உங்கள் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

இன்னொரு தடவை சொல்லிவிடுகிறேன், இது டைப் 1 சுகர். உடம்பின் எதிர்ப்பு சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிட்டது. நான் வயிற்றில் சுமந்தபோது மைசூர்பாகு சாப்பிட்டதால் வந்ததில்லை. வாக்கிங் போனால் போகாது, மாத்திரையில் தீராது. வெளியிலிருந்து இன்சுலின் போட்டே ஆக வேண்டும், ஒரு நாள்கூட நிறுத்த முடியாது.

என் மாமியாருக்கும் சுகர்தான், அது டைப் 2. மாத்திரை, வாக்கிங், ராத்திரி ரெண்டு சப்பாத்தி என்று வைத்துக்கொண்டு நன்றாக இருக்கிறார். அவர் குழம்புவது எனக்குப் புரிகிறது. இந்த ஊரில் சுகர் இல்லாத வீடே இல்லை, அதனால் ஆளாளுக்குப் பாதி டாக்டர். ஆனால் அந்தப் பாதி வைத்தியத்தில் என் குழந்தை ஒருநாள் மயங்கி விழப் பார்த்தாள். ஒரு உறவினர் வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தவளுக்கு திடீரென்று வியர்த்து, கை நடுங்கியது. ரத்தத்தில் சுகர் அளவு 70க்குக் கீழே போனால் உடனே 15 கிராம் அளவுக்கு சர்க்கரை உள்ளே போக வேண்டும், 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஜூஸை வாயில் வைக்கிறேன், அந்த வீட்டுக்காரர் கையிலிருந்து பிடுங்குகிறார்! "சுகர் இருக்கற புள்ளைக்கு ஜூஸ் குடுக்கறியே, நீயெல்லாம் ஒரு அம்மாவா?" இதையும் அவள் கேட்டாள், நடுங்கிக்கொண்டே.

அப்புறம் கஷாயம். நோய் தெரிந்து ஊசி ஆரம்பித்த புதிதில் சில மாதம் இன்சுலின் தேவை தானாகக் குறையும். மிச்சமிருக்கும் செல்கள் கொஞ்ச காலம் வேலை செய்வதால் வரும் நிலை அது, டாக்டர்கள் ஹனிமூன் என்பார்கள். அந்த நேரம் பார்த்து ஒருவர் கஷாயப் பொடி கொடுத்தார். டோஸ் குறைந்ததற்கு அந்தப் பொடிதான் காரணம் என்று இன்றுவரை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். பிறகு ஏறியதே, அதற்கு? நான் நம்பிக்கையோடு கொடுக்கவில்லையாம்.

"பெரியவங்க, மனசுல ஒண்ணும் வச்சிக்காம சொல்றாங்க" என்று எழுத வருவீர்கள், தெரியும். வச்சிக்கொள்ளாமல் சொன்னாலும் குழந்தை வச்சிக்கொள்கிறாளே. "அந்தக் காலத்துல இதெல்லாம் எங்க இருந்துது?" என்பவர்களுக்கு: இருந்தது. 1922 ஜனவரியில் டொரன்டோவில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்குத்தான் முதன்முதலில் இன்சுலின் போட்டார்கள். அதற்கு முன்பு இது வந்த குழந்தைகளைப் பட்டினி போட்டுக் கொஞ்ச நாள் இழுத்துப் பிடிப்பார்கள், பிறகு செத்துப்போகும். அதனால்தான் உங்கள் கண்ணில் படவில்லை. "நீ ரொம்ப சென்சிட்டிவ்" என்பவர்களுக்குப் பதில் கிடையாது.

இவ்வளவு அக்கறை இருக்கிறதே, ஊசி எப்படிப் போடுவது என்று உங்களில் ஒருவராவது கேட்டதுண்டா? ராத்திரி மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, தூங்குகிற பிள்ளையின் விரலைக் குத்திப் பார்க்கிறோம் நானும் அவள் அப்பாவும். "இன்னிக்கு நான் பாத்துக்கறேன், நீங்க தூங்குங்க" என்று யாரும் சொன்னதில்லை. மே மாதம் எல்லாப் பிள்ளைகளும் தாம்பரம் வீட்டில் பத்து நாள் கூத்தடித்தார்கள். இவளை மட்டும் கூப்பிடவில்லை. "பொறுப்பு ஜாஸ்தி, பயமா இருக்கும்மா" என்றார்கள். பயம் நியாயம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர்கள் போட்டோக்களை குடும்ப குரூப்பில் தினமும் போட்டது எதற்கு? என் போனில்தான் அவள் கேம் விளையாடுவாள் என்று எல்லோருக்கும் தெரியும்.

பணமா கேட்டேன்? ஒரு மத்தியானம் வந்து அவளோடு கேரம் ஆடியிருக்கலாம்.

அந்த குரூப்பிலிருந்து நேற்றே வெளியே வந்துவிட்டேன். காலையில் மறுபடி சேர்த்திருக்கிறீர்கள், "ஒற்றுமையே பலம்" படத்தோடு. வேண்டாம் மாமா, இன்னொரு தடவை சேர்க்காதீர்கள்.