சைகா வழக்கையும் பார்க்க வேண்டும்

கடலில் கப்பல்களைப் பிடிப்பது பற்றி நான் படித்த ஒரு கட்டுரையில், ‘நிற்கச் சொல்லியும் நிற்காத கப்பலைச் சுடலாம்’ என்று கட்டுரையாளர் ஒரே வரியில் முடித்துவிட்டார். அவ்வளவு சுலபம் இல்லை.

1997 அக்டோபரில், மேற்கு ஆப்பிரிக்கக் கடலில் மீன்பிடிக் கப்பல்களுக்கு டீசல் விற்ற ‘சைகா’ என்ற எண்ணெய்க் கப்பலை கினி நாட்டு ரோந்துப் படகு பிடித்தது. சைகா கிட்டத்தட்ட முழுச் சுமையோடு தண்ணீரில் தாழ்ந்து கிடந்தது. வேகம் அதிகபட்சம் பத்து நாட் (மணிக்குச் சுமார் 18.5 கி.மீ.). எளிதாக ஏறிப் பிடித்திருக்கலாம். ஆனால் சைகையோ எச்சரிக்கையோ இல்லாமல் நிஜத் தோட்டாக்களால் சுட்டார்கள். ஏறிய பிறகும், யாரும் எதிர்க்காதபோதே, இயந்திரத்தை நிறுத்த மறுபடி துப்பாக்கிச் சூடு! இரண்டு பேருக்குப் பலத்த காயம்.

கடல் சட்டத்துக்கான சர்வதேசத் தீர்ப்பாயம் 1999 ஜூலை 1 அன்று கினி செய்தது தவறு என்றது. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. கப்பலைப் பிடிக்கையில் எவ்வளவு பலம் பயன்படுத்தலாம் என்று ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையில் நேரடியாக எதுவும் இல்லை. பொதுவான சர்வதேசச் சட்டத்திலிருந்துதான் தீர்ப்பாயம் வரிசையை எடுத்துச் சொன்னது: முதலில் ஒலி அல்லது ஒளிச் சைகை, அப்புறம் கப்பலின் முன்னால் எச்சரிக்கைச் சூடு, இவை பலிக்காவிட்டால் மட்டுமே கப்பல்மீது பலப்பிரயோகம். அதற்கும் முன்கூட்டியே எச்சரிக்கை தர வேண்டும், உயிருக்கு ஆபத்து வராமல் முடிந்ததெல்லாம் செய்ய வேண்டும்.

சரி, கினி கப்பலைப் பிடித்ததே தன் சுங்கச் சட்டத்தைச் சொல்லித்தான்; அந்தச் சட்டம் கடலில் அவ்வளவு தூரம் செல்லுமா? பிரத்யேகப் பொருளாதார மண்டலத்தில் (கரையிலிருந்து 200 கடல் மைல் வரை, மீன் போன்ற கடல் வளங்களில் கரை நாட்டுக்கு உரிமை உள்ள பகுதி) செல்லாது என்றும் தீர்ப்பு வந்தது. கினி தர வேண்டிய இழப்பீடு 21 லட்சம் டாலருக்கு மேல், வட்டி தனி.