வென்டிலேட்டரில் இருப்பவருக்குப் பல் தேய்க்க வேண்டாமா?

"வென்டிலேட்டரில் இருப்பவர் வாயால் எதுவும் சாப்பிடுவதில்லை, அதனால் பல் தேய்க்கத் தேவையில்லை, குளோர்ஹெக்சிடின் (வாயில் கிருமி கொல்லும் மருந்து) போட்டுத் துடைத்தாலே நிமோனியா வராது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

சாப்பிடாத வாயில்தான் எச்சில் குறைந்து, பல்லில் அழுக்குப் படிந்து, கிருமி வேகமாகப் பெருகும். கிருமி கலந்த அந்த எச்சில், மூச்சுக்குழாய்க்குள் போட்டிருக்கும் டியூபைச் சுற்றியுள்ள சின்ன பலூனின் ஓரமாகக் கசிந்து நுரையீரலுக்குள் இறங்குகிறது, அப்படித்தான் இந்த நிமோனியா பெரும்பாலும் தொடங்குகிறது. அதனால்தான் நர்ஸ் குழந்தைகளுக்கான மென்மையான பிரஷ்ஷை எடுத்து, ஒரு கையால் டியூபை நகராமல் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பல்லாகத் தேய்த்து, ஊறும் எச்சிலை உடனே உறிஞ்சி எடுக்கிறார். பொறுமை வேண்டிய வேலை, தயவுசெய்து வீண் என்று சொல்லாதீர்கள்.

குளோர்ஹெக்சிடின்? 2022இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல், வென்டிலேட்டர் நோயாளிகளுக்கு அதை வழக்கமாகப் போட வேண்டாம், பல் தேய்த்துவிடுங்கள் என்றே சொல்கிறது.

அப்புறம், தலைமாடு 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருப்பதும் இதே காரணத்துக்குத்தான், இரைப்பையில் இருப்பது மேலேறி வரக்கூடாது. பார்க்கப் பாவமாக இருக்கிறதென்று நீங்களாகக் கட்டிலை இறக்கிவிடாதீர்கள், நர்ஸிடம் கேளுங்கள்.