இரண்டும் ஒரே படம் இல்லை, தம்பி

நேற்றைய அந்தப் பதிவைப் பற்றித்தான். யாருடையது, என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நேற்று ராத்திரி பாதிப் பேர் அங்கேதான் சிரித்துக்கொண்டிருந்தீர்கள், நானும் பார்த்தேன்.

நேரத்தை வீணடித்த படங்கள் என்று ஒரு பட்டியல். முதல் இடத்தில் ஜஸ்டிஸ் லீக், சூப்பர்மேனும் பேட்மேனும் கூட்டாளிகளும் சேர்ந்து வரும் ஹாலிவுட் படம். சரி, அவரவர் ரசனை. ஆனால் மேலே ஒட்டியிருந்த படம் கறுப்பு உடையில் சூப்பர்மேன், அதாவது 2021இல் வந்த ஸ்னைடர் கட், இயக்குநர் ஜாக் ஸ்னைடர் தான் நினைத்தபடி வெட்டித் தந்த பதிப்பு. கீழே அடுக்கியிருந்த குறைகளோ ஒவ்வொன்றும் 2017இல் தியேட்டருக்கு வந்த படத்தின் குறைகள். மீசையை அழித்த வாய், சிவப்புச் சாயம் கொட்டிய வானம், சம்பந்தமே இல்லாமல் நடுவில் வந்துபோகும் ரஷ்யக் குடும்பம். இவை மூன்றும் ஸ்னைடர் கட்டில் கிடையாது. கிடையவே கிடையாது.

மரியாதையாகத்தான் எழுதினேன். "தம்பி, இது வேறு படம், அது வேறு படம்." வந்த பதில்: "ரெண்டும் ஒண்ணுதான்ணே. அது ரெண்டு மணி நேரக் கொடுமை, இது நாலு மணி நேரக் கொடுமை." அதற்கு வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள். அதற்குக் கீழே இன்னொருவர், "நாப்பது வயசுல ஜட்டிய வெளிய போட்டவனுக்கு வக்காலத்தா?" என்று கேட்டிருந்தார். எனக்கு முப்பத்தொன்பது. அதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

இரண்டும் ஒரே படம் இல்லை. பெயர் ஒன்று, நடிகர்கள் ஒன்று, மூன்று பெட்டிகளைத் தேடி வரும் வில்லன் ஒன்று. அவ்வளவுதான் ஒற்றுமை. 2017 மே மாதம், மகளை இழந்த துக்கத்தில் ஜாக் ஸ்னைடர் படத்தை விட்டு விலகினார். மீதியை இயக்க ஜாஸ் வீடன் வந்தார். மாதக்கணக்கில் மறுபடி ஷூட்டிங். இரண்டு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பது ஸ்டுடியோ மேலிடத்து உத்தரவு என்று அப்போதே செய்தி வந்தது. படம் சரியாக 120 நிமிடம்! சூப்பர்மேனாக நடித்த ஹென்றி கேவில் அந்த நேரத்தில் மிஷன் இம்பாசிபிள் படத்துக்காக மீசை வளர்த்திருந்தார், எடுக்க அனுமதி இல்லை. மீசையோடு நடிக்கவைத்து, கம்ப்யூட்டரில் மழித்தார்கள். முதல் காட்சியிலேயே சூப்பர்மேனின் மேலுதடு பல் பிடுங்கிவிட்டு வந்தவர் மாதிரி இருக்கும். இவ்வளவுக்கும் பிறகு டைட்டிலில் இயக்கம் என்று ஸ்னைடர் பெயர் மட்டும். அந்தப் படத்தைத் தான் பார்க்கவே இல்லை என்று அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். பார்க்காதே என்று தடுத்தவர்கள் மனைவியும் இயக்குநர் கிறிஸ்டோபர் நோலனும். அவர் பார்க்கவே துணியாத படத்துக்கு அவரை நிற்கவைத்துத் திட்டுகிறீர்கள்.

"நீங்கள் டிசி வெறியர், மார்வெலைப் பிடிக்காது" என்று இப்போதே ஒருவர் டைப் செய்துகொண்டிருப்பார். இல்லை ஐயா. சூப்பர்மேனின் டிசிக்குப் போட்டிக் கம்பெனியான மார்வெலின் படம், 2012இல் வந்த அவெஞ்சர்ஸ்; அதை நான் தியேட்டரில் மூன்று தடவை பார்த்தவன். அதை எடுத்ததும் இதே வீடன்தான், அருமையாக எடுத்தார். ஆனால் அங்கே அயர்ன்மேன், ஹல்க், தோர், கேப்டன் அமெரிக்கா எல்லோருக்கும் முன்னாலேயே தனிப்படம் வந்துவிட்டது. கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் ஏற்கெனவே தெரிந்த முகங்கள். உட்காரவைத்துச் சாப்பாடு போட்டால் போதும். ஜஸ்டிஸ் லீக்கில் ஆறு பேரில் மூன்று பேருக்குத் தனிப்படம் கிடையாது. ஃப்ளாஷ், அக்வாமேன், சைபார்க் மூவரையும் இந்தப் படமே அறிமுகம் செய்து, இந்தப் படமே அழவும் வைக்க வேண்டும். அதற்கு 120 நிமிடமா? இது தெரியாமல் நீளம் நீளம் என்கிறீர்கள்.

நீளத்துக்கே வருவோம். 242 நிமிடம், ஆறு பாகம், கடைசியில் ஒரு பின்னுரை. மறைக்கவில்லை. எட்டு எபிசோட் கொரியத் தொடரை ஒரே ராத்திரியில் முடித்துவிட்டு, காலையில் கண் சிவந்து ஆபீஸ் போகிற சமூகம் நாம். வருடக்கணக்கில் ஒரே மாமியார் ஒரே மருமகளுக்கு விஷம் வைப்பதை வீட்டோடு உட்கார்ந்து பார்க்கிறோம். அங்கே வராத கொட்டாவி இங்கே மட்டும் வருகிறதாம். ஸ்லோ மோஷன் அதிகமா? ஆமாம், அதிகம். நம் ஊர் ஹீரோ காரிலிருந்து ஒரு காலை எடுத்துத் தரையில் வைக்க அரை நிமிடம் ஆகிறது, அங்கே விசில் அடிக்கிறீர்களே என்று கேட்க மாட்டேன். கேட்டுவிட்டேன்.

குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. அக்வாமேன் கடலுக்குள் போனதும் கரையில் நிற்கும் பெண்கள் பாட்டுப் பாடுவதும், ஒருத்தி அவர் ஸ்வெட்டரை முகர்ந்து பார்ப்பதும் எனக்கே தாங்கவில்லை. சூப்பர்மேனின் காதலி லோயிஸைத் தேடி அவன் அம்மா மார்த்தா வருகிற காட்சி எவ்வளவு நல்ல காட்சி, கடைசியில் வந்தது மார்த்தாவே இல்லை, வேற்றுக்கிரகவாசி என்று கெடுத்துவைத்தார்கள். அதை நான் எந்தக் காலத்திலும் மன்னிக்க மாட்டேன். ரசிகர் கூட்டத்தில் சிலர் மற்றவர்களை மிரட்டினார்கள், வசைபாடினார்கள் என்பதும் உண்மை. அது தப்பு. நான் செய்யவில்லை. இதே ரசிகர்கள்தான் தற்கொலைத் தடுப்பு அமைப்புக்கு 5 லட்சம் டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தார்கள், அதையும் ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுத மாட்டீர்கள்.

என் கோபம் சைபார்க்கைப் பற்றியது. 2017 படத்தில் அவன் யார்? பாதி உலோகம், எப்போதும் உர்ரென்று ஒரு முகம், கம்ப்யூட்டர் வேலை தெரிந்தவன். 2021இல்? கல்லூரியில் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடுகிற பையன். அவன் ஆட்டத்தைப் பார்க்க அப்பா வருவதில்லை. விபத்தில் அம்மா போகிறாள். சாகக் கிடந்த மகனை அப்பா இயந்திரத்தோடு சேர்த்துக் காப்பாற்றுகிறார், காப்பாற்றியதையே மகன் மன்னிக்கவில்லை. அப்பா பேசிப் பதிவு செய்து கொடுத்த டேப்பைக் கையால் நொறுக்குகிறான். பிறகு அந்த அப்பா அவன் கண்முன்னே எரிந்து சாகிறார். கடைசியில் நொறுக்கியதை அவனே ஒட்டிச் சரிசெய்து அந்தக் குரலைக் கேட்கிறான். இதுதான் படம். படத்தின் இதயமே அவன்தான் என்று ஸ்னைடர் சொன்னது சும்மா இல்லை. இந்த இதயத்தைத்தான் வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, ரஷ்யக் குடும்பத்தை வைத்தார்கள். காலத்தையே பின்னுக்கு ஓடி உலகத்தை மீட்கிற ஃப்ளாஷுக்கு 2017இல் என்ன வேலை தெரியுமா? அந்தக் குடும்பத்தின் வண்டியைப் பின்னாலிருந்து தள்ளுவது. சைபார்க்காக நடித்த ரே ஃபிஷர் நாடகத்திலிருந்து வந்தவர், முதல் பெரிய வாய்ப்பு. வீடன் செட்டில் நடந்துகொண்ட விதம் பற்றி 2020இல் வெளிப்படையாகப் பேசினார். அதற்கு அவர் கொடுத்த விலையையும் பார்த்தோம்.

எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்று கேட்டால், நானும் வெட்டி ஒட்டுகிற ஆள். கல்யாண வீடியோ எடிட்டர். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம்.

2014இல் ஒரு கல்யாணம். பெண்ணின் ஆச்சி படுத்த படுக்கை. நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்து மணமேடை அருகில் வைத்தார்கள். அட்சதை போடக் கையைத் தூக்குகிறாள், தூக்க முடியவில்லை, அரிசி அவள் மடியிலேயே கொட்டுகிறது. பேத்தி குனிந்து, ஆச்சி மடியில் கிடந்த அரிசியைத் தானே அள்ளித் தன் தலையில் போட்டுக்கொள்கிறாள். கிட்டத்தட்ட ஒரு நிமிடம். நான் ஒரு இடத்திலும் வெட்டவில்லை, மேளச் சத்தத்தைக்கூடக் குறைத்துவிட்டேன். அப்போது நான் வேலை பார்த்த ஸ்டுடியோவில் போட்டுப் பார்த்துவிட்டு, "இழுவையா இருக்கு" என்றார்கள். வேறொரு பையனிடம் கொடுத்து, இருபது நிமிடமாகக் குறைத்து, ட்ரோன் ஷாட்டும் சினிமாப் பாட்டும் சேர்த்து டெலிவரி செய்தார்கள். ஆச்சி அதில் இருந்தாள். யாரோ ஒருவர் தோளுக்குப் பின்னால், இரண்டு விநாடி.

அடுத்த வருடம் அந்தப் பெண் துபாயிலிருந்து கூப்பிட்டாள். "அண்ணா, ஆச்சி தவறிட்டாங்க. அன்னைக்கு எடுத்ததுல ஆச்சி இருக்கிறது ஏதாவது இருக்குமா?" ஹார்ட் டிஸ்க்கை ஸ்டுடியோவில் எப்போதோ அழித்து அடுத்த கல்யாணத்துக்கு எடுத்துவிட்டார்கள். தேடிப் பார்க்கிறேன்மா என்று பொய் சொன்னேன். இரண்டு தடவை திரும்பக் கூப்பிட்டாள். மூன்றாவது தடவை நான் எடுக்கவில்லை.

ஸ்னைடர் ஸ்டுடியோவை விட்டு வெளியே வரும்போது அவர் லேப்டாப்பில் கறுப்பு வெள்ளையில், கிராஃபிக்ஸ் முடியாத ஒரு நீளமான வெட்டு இருந்தது. அதுதான் ஸ்னைடர் கட்டுக்கு விதை. புதிதாக எடுத்தது சில நிமிடங்கள்தான், மற்றதெல்லாம் அன்றே எடுத்துவைத்தது. அழிக்காமல் வைத்திருந்தார். 2021 மார்ச்சில் அதைப் பார்க்கும்போது, கடைசியில் அவர் மகளுக்குப் பிடித்த பாட்டு ஓடி, படம் அவளுக்கு என்று ஒற்றை வரி வந்தபோது, நான் எழுந்து சமையல்கட்டுக்குப் போய் விளக்கைப் போடாமல் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். என் வீட்டம்மா என்ன என்று கேட்கவில்லை. இதைத்தான் நீங்கள் நாலு மணி நேரக் கொடுமை என்கிறீர்கள்.

பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். பார்க்காத படத்தின் போஸ்டரை ஒட்டி, பார்த்த படத்தைத் திட்டாதீர்கள்.

தம்பி, உன்னிடம் தனியாக ஒன்று. 2017 நவம்பரில் அந்தப் படத்தை நாம் சேர்ந்துதான் பார்த்தோம். டிக்கெட் நான் எடுத்தேன், பாப்கார்ன் நீ வாங்கினாய். வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது நீதான் கேட்டாய், "அந்த மிஷின் பையன் கதை என்னண்ணே, பாதியில விட்டுட்டாங்களே?" என்று. எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஆள் இல்லை, மத்தியானம் வா. ஆறு பாகத்துக்கு நடுவில் இரண்டு தடவை டீ போடுகிறேன். போனை மட்டும் வண்டிப் பெட்டியில் வைத்துவிட்டு வா.