மேளத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தையில் அம்மா வீட்டில் சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஏழு பேர் இருந்தோம். நடுவில் ஒரு சீஆர் கொப்பி. ஆவணியில் தங்கச்சிக்குக் கலியாணம். அப்பா அடிமட்டம் வைத்துக் கோடு கீறி இடது பக்கம் சாமான், வலது பக்கம் காசு என்று எழுதிக்கொண்டு வந்தார். கூட்டிப் பார்த்தபோது வந்த தொகையைப் பார்த்து ஒரு நிமிஷம் ஒருவரும் பேசவில்லை. பிறகு சித்தப்பா பேனையை வாங்கி எதை வெட்டலாம் என்று மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு போய் முதல் கோட்டை மேளத்தில்தான் போட்டார். "ரெண்டு நாதஸ்வரம், ரெண்டு தவில் எதுக்கு, ஒரு செற் காணும். தாலி கட்டேக்க வாசிச்சால் சரிதானே." மணவறை அலங்காரத்துக்கு எழுதியிருந்தது அதைவிட நாலு மடங்கு. அதை ஒருவரும் தொடவில்லை.

எனக்கு வந்த கோபம் எனக்கே புதுசு. அன்றைக்கு மேசையில் நான் சொன்னதையும், சொல்ல வாய் வராமல் வீட்டுக்கு வந்து யோசித்ததையும் இங்கே எழுதுகிறேன். கொழும்பில் கலியாணம் வைக்கப்போகிற யாருக்காவது உதவட்டும்.

முதலில் ஹோட்டல் கணக்கு. தலைக்கு இவ்வளவு என்று ஒரு விலை சொல்வார்கள். அதைக் கேட்டுவிட்டு நாங்கள் நானூறால் பெருக்கிப் பார்த்து, சரி சமாளிக்கலாம் என்று எழும்பி வருவோம். ஆனால் அந்த விலைக்குப் பக்கத்தில் சின்னதாக இரண்டு பிளஸ் குறி இருக்கும். சேவிஸ் சார்ஜ் 10 வீதம், 2024 ஜனவரியிலிருந்து 18 வீதமாகிவிட்ட வற் வரி. இரண்டும் சேர்ந்தால் சொன்ன விலையில் கால் பங்குக்கு மேல் கூடுகிறது. நானூறு பேருக்கு அந்தக் கால் பங்கு என்பது இன்னொரு நூறு பேருக்கான சாப்பாட்டுக் காசு. விலை கேட்கப் போகும்போது "எல்லாம் சேர்த்துக் கடைசியில் தலைக்கு எவ்வளவு" என்ற ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள், அதையும் எழுத்தில் வாங்குங்கள்.

என் கலியாணம் 2017 இல் ஹோட்டலில்தான் நடந்தது. அப்பாவுக்கு அப்படி ஒரு ஆசை, மூத்த பிள்ளை. கொக்குவிலில் இருந்து மாமி, அப்பாவின் அக்கா, இரவு பஸ்ஸில் வந்து காலையில் இறங்கினா. அவவுக்கு முழங்கால் வருத்தம். மூன்று மணிக்கு ஹோலை விட வேண்டும் என்று முதலே சொல்லியிருந்தார்கள். சடங்கு கொஞ்சம் நீண்டுவிட்டது. பிறகு படம் எடுக்க ஒரு மணித்தியாலம், ஒவ்வொரு குடும்பமாக மேடைக்கு ஏறி இறங்கி. மாமி எல்லாரையும் முன்னுக்கு விட்டுவிட்டுக் கடைசியாக பஃபே வரிசைக்குப் போயிருக்கிறா. ஒரு கையில் தட்டு, மற்றக் கையால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறா. அவவின் முறை வந்தபோது இரண்டு கறிச் சட்டி வெறும் சட்டி, பெடியன்கள் மூடியை எடுத்துக்கொண்டு போகிறார்கள். சோறும் பருப்பும் போட்டுக்கொண்டு ஒரு மூலையில் இருந்து சாப்பிட்டிருக்கிறா. இதெல்லாம் பிறகு என் மச்சாள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மாமியிடம் நான் கேட்டபோது "எல்லாம் வடிவா இருந்தது பிள்ளை" என்று மட்டும்தான் சொன்னா. அதற்குப் பிறகு எங்கள் வீட்டு விசேஷம் எதற்கும் மாமி கொழும்புக்கு வரவில்லை.

அந்த நாளுக்குக் கொட்டிய காசில் பெரும் பகுதி பூவுக்குப் போனது. என்ன நிறப் பூ என்று இன்றைக்குக் கேட்டால் அல்பத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். எனக்கு நன்றாக நினைவிருப்பது, நாங்கள் காரில் ஏறும்போது கண்ணாடிக்குள்ளால் பார்த்தது. ஏணி வைத்து ஏறி அந்தப் பூ வளைவை இரண்டு பெடியன்கள் பிடுங்கிக் கறுப்புப் பைக்குள் திணித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, பின்னேரம் வேறு ஒரு கலியாணம்.

மேளத்துக்கு வருகிறேன். சிநேகிதி ஒருத்தியின் கலியாணம் பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபத்தில் நடந்தது. நான் முன்வரிசையில் ஓரத்தில், மேளக்காரருக்கு நாலு அடி தள்ளி இருந்தேன். இளம் தவில்காரர். வலது கை விரல்களில் அந்த வெள்ளைக் கூடுகளை ஒவ்வொன்றாக மாட்டி, பெருவிரலால் அழுத்திப் பார்த்து, ஒன்று சரியில்லை என்று கழற்றி ஊதிவிட்டுத் திரும்ப மாட்டினார். துணியையும் பசையையும் சுற்றிச் சுற்றிக் காயவிட்டுக் கல்லுப்போல இறுக்கிய கூடு அது. இடது கையில் தடி. பலா மரத்தில் கடைந்த தவில், ஒரு பக்கம் விரல், ஒரு பக்கம் தடி. நாதஸ்வரக்காரர் பிலஹரியைத் தொடங்கினார். மண்டபத்தில் கதை நிற்கவில்லை, கலியாண வீட்டில் கதை எப்போது நின்றது? ஆனால் தவில் சேர்ந்தபோது பின்னால் ஓடித் திரிந்த சின்னப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து அவருக்கு முன்னால் சம்மணம் போட்டு இருந்துவிட்டார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த வயசான ஐயா கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஐயர் கையைத் தூக்கினார். கெட்டிமேளம். தும்மல், இருமல், வேண்டாத சொல் எதுவும் அந்த நேரம் காதில் விழக்கூடாது என்றுதான் அப்படி வாசிக்கிறது என்பார்கள். அன்றைக்கு என் நெஞ்சுக்குள் அது அடித்தது. மாப்பிள்ளை முடிச்சுப் போட்டதை நான் காணவே இல்லை, முன்னால் இருந்தவர்கள் எல்லாரும் எழும்பிவிட்டார்கள். ஆனாலும் தாலி ஏறிய அந்த நிமிஷம் எனக்குத் தெரியும், காதால் தெரியும்.

என் கலியாணத்தில் அது இல்லை. இரண்டு பேர் மட்டும் வந்தார்கள். "சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கள்" என்று ஹோட்டல்காரர் இரண்டு தரம் வந்து சொன்னார். பக்கத்து ஹோலில் ஏதோ கூட்டம்.

இது எங்களிடம் இருக்கிற பெரிய சொத்து என்பதைக் கொழும்பில் வளர்ந்த பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் விளங்கப்படுத்த வேண்டியிருக்கிறது. தவில் என்றால் தமிழ்நாட்டு வித்துவான்களே தலை வணங்கிய யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி எங்கள் மண்ணில் பிறந்தவர், 1975 இல் இளம் வயதிலேயே போய்விட்டார். நாதஸ்வரம் என்றால் அளவெட்டி என். கே. பத்மநாதன். இணுவிலிலும் அளவெட்டியிலும் அந்தப் பரம்பரை இன்றைக்கும் வாசிக்கிறது. கோவில் திருவிழாவில் விடிய விடிய மேளச் சமா கேட்ட சனம் நாங்கள். அந்தக் கலைஞர்களைக் கொழும்புக்கு அழைப்பதென்றால் கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர், இரவிரவாக வான் பயணம், தங்க ஒரு அறை, காலைக் கோப்பி, சாப்பாடு. இதெல்லாம் காசுதான். அந்தக் காசைத் தாராளமாகக் கொடுக்கச் சொல்கிறேன். பேரம் பேச வேண்டிய இடம் இது இல்லை. இரண்டு செற்றுக்கும் முழுக் காசு கொடுத்தாலும் நாங்கள் அலங்காரத்துக்கு எழுதியதில் அரைவாசிக்குக் கிட்டவும் வராது.

அடுத்தது பந்தி. தங்கச்சிக்கு மண்டபம்தான், இலைச் சாப்பாடுதான் என்று நான் அடம்பிடித்தேன். இலையில் தலைக்கான செலவு ஹோட்டலைவிடக் குறையும், அது உண்மை. ஆனால் மிஞ்சுகிற காசைச் சாப்பாட்டுக்குள்ளேயே திரும்பப் போடுங்கள் என்பதுதான் என் கட்சி. கத்தரிக்காய்ப் பால்கறி, உருளைக்கிழங்குப் பிரட்டல், பருப்பு, பூசணிக்காய், வாழைக்காய்ப் பொரியல், பச்சடி, அப்பளம், மோர்மிளகாய், வடை, பாயாசம், ரசம், மோர். பதினைந்து வகை, இருபது வகை என்று கூட்டத் தேவையில்லை. இருக்கிறதை நல்ல தேங்காய்ப்பாலில், நல்ல நெய்யில் செய்யச் சொல்லுங்கள். முக்கியமாகப் பரிமாறக் கூட ஆட்களைப் போடுங்கள். சமையல்காரர் எட்டுப் பேர் காணும் என்றால் பன்னிரண்டு பேருக்குக் காசு கொடுங்கள். இரண்டாவது தரம் கறி கேட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு இருக்கிற நிலை ஒருவருக்கும் வரக்கூடாது. வயசானவர்களுக்கும் தூர இடத்தில் இருந்து வந்தவர்களுக்கும் முதல் பந்தியிலேயே இடம் பிடித்துவைக்க ஒரு ஆளைத் தனியாக நிறுத்துங்கள். அதற்குக் காசும் தேவையில்லை, பொறுப்பான ஒரு மருமகன் இருந்தால் காணும்.

தாலிக்கொடி விஷயத்தில் என் மனம் மாறிய கதையையும் சொல்ல வேண்டும். கொடியை ஒற்றைப்படைப் பவுனில்தான் செய்வோம், ஏழு, ஒன்பது, பதினொன்று என்று. பவுன் இப்போது மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டது. பதினொரு பவுன் என்றால் 33 லட்சத்துக்கு மேல், கூலி சேதாரம் வேறு. இவ்வளவு பாரத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு காலி வீதியில் நடக்க முடியாது, வங்கி லொக்கரில்தான் கிடக்கும், எதற்கு இந்தக் கூத்து என்று கலியாணத்துக்கு முன்னால் சண்டை பிடித்தவள் நான். 2022 வந்தது. என் கணவருக்குக் கொட்டாஞ்சேனையில் சின்ன அச்சகம். டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியது, கடதாசி இறக்க வழியில்லை. மேல் மாகாணத்தில் பள்ளிக்கூடத் தவணைப் பரீட்சையையே கடதாசி இல்லை என்று தள்ளிப்போட்ட நாட்கள் அவை. இரண்டு பெடியன்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். நான் கொடியை எடுத்துக்கொண்டு போய் அடைவு வைத்தேன். அன்றைக்குக் கூண்டுக்கு முன்னால் நின்றபோது பவுன் வேண்டாம் என்று நான் பிடித்த சண்டையெல்லாம் நினைவுக்கு வந்தது. ஒன்றேகால் வருஷத்தில் மீட்டோம். அதனால் தங்கத்தைக் கலியாணச் செலவுப் பக்கத்தில் எழுதாதீர்கள், தனிப் பக்கத்தில் எழுதுங்கள். அது பிள்ளையின் கையிருப்பு. ஆனால் கடன்பட்டுச் செய்கிற கொடிக்கு இந்த நியாயம் பொருந்தாது. கொடி செய்ய வட்டிக்கு வாங்கி, அதை அடைக்கக் கொடியையே அடைவு வைத்த வீட்டை எனக்குத் தெரியும். ஒன்பது பவுனுக்கு வசதியில்லை என்றால் ஏழு, ஏழுக்கும் இல்லை என்றால் ஐந்து. பொன்னுருக்கலில் உருக்குகிற அந்தச் சின்னப் பொன்தான் தாலியில் சேர்கிறது, மற்றதெல்லாம் எங்கள் கணக்கு.

கூறை ஒன்று நல்லதாக வாங்குங்கள். எங்கள் முறையில் பொம்பிளை முதலில் ஒரு சேலையோடு மணவறைக்கு வந்து, கூறை வாங்கி, மாற்றி உடுத்துத்தான் தாலிக்கு இருப்பாள். அந்த முதல் சேலைக்கும் காஞ்சிபுரம் போக வேண்டிய தேவை இல்லை. அம்மாவின் கூறையை உடுக்கலாம். தங்கச்சி அதற்கு உடனே ஓம் என்றாள்.

ட்ரோன், முன்கூட்டியே கடற்கரையில் எடுக்கிற படம், புகை விடுகிற மெசின் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை, வேண்டாம் என்பதைத் தவிர.

ஆனால் நேரலைக்குச் செலவழியுங்கள். இதைப் பலர் கவனிப்பதில்லை. எங்கள் வீட்டில் பாதிச் சனம் வெளியில். ஆவணியில் காலை 9.30 முகூர்த்தம் என்றால் லண்டனில் விடிய 5 மணி, டொரொன்டோவில் நடுச்சாமம் 12 மணி. 2023 இல் ஒன்றுவிட்ட தம்பியின் கலியாணத்தை டொரொன்டோவில் இருக்கிற பெரியப்பா வேட்டி உடுத்து, சந்தனம் வைத்து, தொலைக்காட்சிக்கு முன்னால் கதிரை போட்டு இருந்து பார்த்தார். அவருக்கு எண்பது வயது, பயணம் செய்ய ஏலாது. அவருக்குக் கேட்டது மந்திரமும் இல்லை, மேளமும் இல்லை. கமராவுக்குப் பக்கத்தில் நின்ற இரண்டு பேர் மதியச் சாப்பாட்டைப் பற்றிக் கதைத்ததுதான் முழுக்க. தாலி கட்டும்போது படம் அப்படியே நின்றுவிட்டது. அடுத்த நாள் போன் எடுத்து "கட்டியாச்சோ?" என்று கேட்டார். ஐயருக்குப் பக்கத்தில் ஒரு மைக், மேளத்துக்கு ஒரு மைக், மண்டபத்தின் வைபையை நம்பாமல் தனியாக ஒரு இணைப்பு, அதைப் பார்க்க ஒரு ஆள். ட்ரோனுக்குக் கேட்ட காசில் இது முடியும்.

இன்னொன்று. பொம்பிளைக்கு என்று ஒரு ஆசை இருக்கும், அதில் ஒருவரும் கை வைக்காதீர்கள். தங்கச்சிக்கு ஒரு குறிப்பிட்ட மேக்கப் அக்காதான் வேண்டும். விலை கூட. எனக்கு அது வீண் செலவாகத்தான் தெரிகிறது. ஆனால் ஆறு மாதமாக அவள் கேட்ட ஒரே விஷயம் அது, அப்பா கேள்வி கேட்காமல் எழுதினார்.

அலங்காரத்தை மூன்றில் ஒன்றாக்கினோம். வாழை, தோரணம், மல்லிகை, மணவறை, அவ்வளவுதான். ஆட்கள் நானூறா முந்நூறா என்பது இன்னும் முடியவில்லை, அதில் அம்மாவும் சித்தியும் ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம்.

நேற்று இரவு அப்பா இணுவிலுக்குப் போன் எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன். "தம்பி, ரெண்டு நாதஸ்வரம், ரெண்டு தவில், தாளம். முதல் நாளே வந்திடுங்கோ, அறை போட்டிருக்கிறன்." அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் சத்தமில்லை. பிறகு "ஐயா, எவ்வளவு நேரம் வாசிக்கலாம்?" என்று கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். "நீங்கள் நிப்பாட்டுமட்டும்" என்றேன்.