காக்கா சுத்துற இடத்துல கொஞ்சம் நில்லுங்க

மூணு நாளா வாயத் திறக்காம இருந்தேன். ஒரு தம்பி கேம் ஆடிக் காட்டுன அந்த லைவ், அதுக்குக் கீழ நான் போட்ட கமெண்ட், அந்தக் கமெண்ட்டோட ஸ்கிரீன்ஷாட் எந்தெந்த குரூப்ல சுத்துதுங்கிறதெல்லாம் உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியும். எனக்கு 'காக்கா அண்ணே'ன்னு பேரும் வெச்சாச்சு. பேரு வெச்சதுகூடப் போகட்டும். அந்த லைவ்ல சொன்ன ஒரு வார்த்தைய என்னால விட முடியல. "இதுல ஒண்ணுமே இல்ல மக்களே, வெறும் நடை."

நடந்தது என்னன்னு ஒரு தடவ சொல்லிடறேன். அந்தத் தம்பி 'தி லாங் டார்க்'ங்கிற கம்ப்யூட்டர் கேம ஆரம்பிச்சாரு. பனிக்காடு, மனுஷ நடமாட்டம் இல்ல. ஆரம்பிச்சதுலேர்ந்து ஓட்டம்தான். எனிமி எங்க, கன் எங்கன்னு கேட்டுக்கிட்டே ஓடுறாரு. இருபதாவது நிமிஷத்துல அவரு தலைக்கு மேல காக்காக் கூட்டம் வட்டம் போடுது. நிமிர்ந்துகூடப் பாக்கல. நாப்பதாவது நிமிஷம் களைச்சு, குளிர்ல விறைச்சு செத்தாரு. "சாவு மொக்க கேம், நடக்கணும்னா மெரினாவுல போய் நடக்கலாமே"ன்னு சொல்லிட்டு மூடிட்டாரு.

நான் போட்ட கமெண்ட் இவ்வளவுதான்: "தம்பி, உங்க தலைக்கு மேல காக்கா சுத்திச்சு. அந்த கேம்ல காக்கா சுத்துனா கீழ ஏதோ கிடக்குன்னு அர்த்தம். ஒண்ணு செத்த மான், இல்லன்னா பையோட உறைஞ்சுபோன ஒரு மனுஷன். நின்னு பார்த்திருந்தா உங்களுக்குத் தேவையானது அங்க கிடைச்சிருக்கலாம்." இதுல என்ன திமிரு இருக்கு? எந்த வார்த்தைல நான் யாரையும் மட்டம் தட்டுனேன்?

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணு. அந்த மாதிரி கேம்ல நடக்குறதுதான் ஆட்டம். ஆட்டத்துக்கு நடுவுல வர்ற இடைவெளி இல்ல அது. நடையை எடுத்துட்டா அங்க வேற எதுவும் இல்ல.

இந்த கேம பண்ணது கனடாவுல வான்கூவர் தீவுல இருக்கிற ஹின்டர்லேண்ட்ங்கிற ஸ்டுடியோ. 2014ல பாதி முடிஞ்ச நிலைல வெளியிட்டு, ஆட வந்தவங்க சொன்னதக் கேட்டுக் கேட்டுச் செதுக்கி, 2017 ஆகஸ்ட்ல முழுசா கொண்டு வந்தாங்க. கதை ரொம்பச் சின்னது. சூரியன்லேர்ந்து கிளம்புன காந்தப் புயல்ல மின்சாரம், மின்சாரத்த நம்பி இருக்கிற எல்லாமே செத்துப் போச்சு. வடக்குக் காட்டுல நீங்க தனியா மாட்டிக்கிட்டீங்க. ஜோம்பி கிடையாது. ஏலியன் கிடையாது. பனி, பசி, தாகம், களைப்பு, ஓநாய், அப்புறம் நீங்க.

இது வெறும் கற்பனைன்னு நினைக்காதீங்க. 1859ல அப்படி ஒரு புயல் வந்து தந்திக் கம்பியெல்லாம் பொறி பறந்திருக்கு. 1989 மார்ச்ல அதே கனடாவுல, க்யூபெக் மாகாணம் முழுக்க ஒன்றரை நிமிஷத்துல இருட்டாயி, ஏறக்குறைய 60 லட்சம் பேர் 9 மணி நேரம் கரெண்ட் இல்லாம இருந்திருக்காங்க. அந்த நாட்டுல இருக்கிறவங்க இந்த கேம பண்ணதுல ஒரு அர்த்தம் இருக்கு.

இப்ப நடைக்கு வர்றேன். அந்தக் காட்டுல நீங்க எங்க இருக்கீங்கன்னு காட்டுற குட்டி மேப் ஓரத்துல வராது. மேப் வேணும்னா நெருப்பு மூட்டணும், அணைஞ்சதும் மிச்சமிருக்கிற கரித்துண்ட எடுத்துக்கிட்டு ஒரு இடத்துல நின்னு, சுத்திப் பார்த்து, நீங்களே வரையணும். நீங்க பார்த்தது மட்டும்தான் மேப்ல வரும். ஓடிப்போன இடம் வெள்ளையாவே இருக்கும். காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு தெரியாம அடுப்பு மூட்டுனா, காத்து திரும்பின உடனே அணைஞ்சிடும். வில்லுக்கு வெட்டுன கொம்ப வீட்டுக்குள்ள போட்டு நாள்கணக்குல காய விடணும். பச்சைக் கொம்புல வில்லு செய்ய முடியாது. இத்தனையும் வெச்சு அவங்க சொல்றது, இந்தக் காடு உன் அவசரத்துக்கு வளையாதுங்கிறதுதான். சுற்றுச்சூழல் பத்தி ஒரு வசனம்கூட வைக்காம அத உடம்புல ஏத்திவிடுறாங்க.

"கஷ்டமே இல்லாத கேம், சும்மா நடக்குறவங்களுக்கானது"ன்னு ஒருத்தர் எழுதியிருந்தாரு. அவருக்கு ஒரு தகவல். இதுல 'பில்கிரிம்'னு ஒரு நிலை இருக்கு. யாத்ரீகர்னு அர்த்தம். அதுல ஓநாய் உங்களக் கண்டா விலகி ஓடிடும், நிதானமா சுத்தலாம். இன்னொரு பக்கம் 'இன்டர்லோப்பர்'னு ஒண்ணு. அதுல துப்பாக்கியே கிடையாது. கத்தி வேணும்னாகூட உலைக்களத்தத் தேடிக் கண்டுபிடிச்சு இரும்பக் காய்ச்சி நீங்களே அடிச்சுக்கணும். செத்தா சேவ் பண்ணது மொத்தமும் அழிஞ்சிடும். 100 நாள் பொத்திப் பொத்தி வாழ்ந்த வாழ்க்கை ஒரு தப்பான மலைச்சரிவுல போயிடும். இத ஆடிட்டு வந்து கஷ்டம்னா என்னன்னு எனக்குச் சொல்லுங்க.

'டெத் ஸ்ட்ராண்டிங்'ங்கிற கேம் 2019 நவம்பர்ல வந்தப்பவும் இதே கூத்துதான். ஹிடியோ கோஜிமா மாதிரி பேர்போன ஜப்பான் கேம் டைரக்டர் பண்ண கேமையே டெலிவரி பாய் கேம்னு ஒரே வார்த்தைல தள்ளிட்டாங்க. அதுல முதுகுல சுமைய ஏத்திக்கிட்டு கல்லும் ஆறும் தாண்டி நடக்கணும், ஒரு பக்கம் சாஞ்சா மறுபக்கம் ஊனிச் சமாளிக்கணும். மழை பட்டா எல்லாம் வயசாகிப் போகும், சுமந்துட்டுப் போற பெட்டிகூடத் துருப்பிடிக்கும். அந்த நிலத்துல நிறையப் பேரு ஒரே வழியா நடந்தா அங்க தடம் விழும். நீங்க பாக்காத, பேர் தெரியாத யாரோ எங்கேயோ உக்காந்து ஆடுனவங்க காலடி உங்க கேம்ல ஒத்தையடிப் பாதையா கிடக்கும். முதல் தடவை அதப் பார்த்தப்ப எனக்கு மயிர்க்கூச்சம் எடுத்துச்சு. எங்க ஊரு வாய்க்கா வரப்புல இருக்கிற பாதையும் யாரும் போட்டதில்ல, நடந்து நடந்து விழுந்ததுதான். இதப் போய் டெலிவரி பாய் கேம்னு சொல்றாங்க. டெலிவரி பாய்ங்கிறது என்னைக்குங்க வசவு ஆச்சு?

சரி, நியாயமா கேட்டவங்களுக்கு நியாயமா பதில் சொல்றேன். "வேலை முடிஞ்சு ராத்திரி பத்து மணிக்கு வர்றேன், எனக்கு ஒரு மணி நேரம்தான், அதுல பனில நடக்க முடியாது"ன்னு ஒரு நண்பர் எழுதியிருந்தாரு. முழுசா ஒத்துக்கறேன். அவருக்கு நாலு பேரச் சுட்டுட்டுத் தூங்கப் போனாதான் மனசு லேசாகும்னா அதான் சரி, அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா அவருக்கே 'ஃபார்: லோன் செயில்ஸ்' ஆடச் சொல்லி ஒரு வார்த்த சொல்றேன். சுவிட்சர்லாந்துக்காரங்க 2018ல பண்ணது. மூணு மணி நேரத்துல முடிஞ்சிடும். வத்திப்போன கடல். அந்தக் கடலடித் தரையில சிவப்புச் சட்ட போட்ட சின்ன உருவம் ஒண்ணு, சக்கரம் வெச்ச பெரிய கப்பல் மாதிரி ஒரு வண்டிய ஓட்டிக்கிட்டுப் போகுது. வழில கிடக்கிற பெட்டி, பீப்பா எல்லாத்தையும் எரிச்சுதான் வண்டி ஓடும். காத்து அடிச்சா பாய விரிச்சிட்டு அடுப்ப நிறுத்திடலாம். வசனமே இல்ல. பாய் விரிஞ்சு, இன்ஜின் சத்தம் நின்னு, வெறும் காத்துல அந்த வண்டி நகர்ற அந்த முதல் நிமிஷம் இருக்கே, அத நான் எழுத்துல கொண்டுவர முடியாது. அந்த மாதிரிக் கடல் நிஜமாவே இருக்கு. உஸ்பெகிஸ்தான்ல மொய்னாக்ங்கிற ஊர்ல மீன்பிடிக் கப்பல்கள் மணல்ல துருப்பிடிச்சு நிக்குது. பருத்திக்காக ரெண்டு ஆத்தத் திருப்பிவிட்டதுல ஏரல் கடல் விலகிப் போயிடுச்சு.

"சுற்றுச்சூழல் பேசுற நீ ராத்திரி முழுக்க கம்ப்யூட்டர் ஓட்டுறியே, அதுக்கு எங்கேர்ந்து கரெண்ட் வருது"ன்னு கேட்டவருக்கு என்கிட்ட பதில் கிடையாது. நீங்களும் போன்லதான் இதக் கேட்டீங்க. விடுங்க.

"கேம் விளையாடி உலகத்தக் காப்பாத்தப் போறாராம்"னு சிரிச்சீங்களே, அதுக்குத்தான் பதில் சொல்லணும்னு மூணு நாளா மனசு கிடந்து அடிச்சுக்குது. நான் எங்கேயும் அப்படிச் சொல்லல. அழிவுங்கிறது என்னன்னு புரியணும்னா நடை வேகத்துல பாக்கணும், அதத்தான் இந்த கேம்கள் செய்ய வைக்குதுன்னு சொல்றேன். இத நான் கேம்லேர்ந்து கத்துக்கல.

எங்க ஊரு பேராவூரணிப் பக்கம். 2018 நவம்பர் 16 விடியக்காலைல கஜா புயல் அடிச்சப்ப நான் வீட்டுலதான் இருந்தேன். விடிஞ்சதும் கொல்லைப்பக்கக் கதவத் திறந்தா கண்ணு கூசுது. எங்க கொல்லைல அவ்வளவு வெளிச்சத்த நான் பொறந்ததுலேர்ந்து பார்த்ததில்ல. எப்பவும் தென்னங்கீத்து நிழல்தான் அங்க. அன்னைக்கு வானம் முழுசா தெரிஞ்சுச்சு. மரமெல்லாம் ஒரே பக்கமா தலைய வெச்சுப் படுத்திருந்துச்சு. ஒரு அணில் சத்தம் இல்ல, ஒரு காக்கா இல்ல.

நான் என்ன பண்ணேன் தெரியுமா? உடனே மரம் அறுக்குற மிஷினுக்கு ஆள் பிடிக்க, போன்ல டவர் தேடிக்கிட்டு ரோட்டுக்கு ஓடினேன். அப்பா வரல. "இரு தம்பி, ஒரு சுத்துப் பார்த்துட்டு வர்றேன்"னு சொல்லிட்டு தோப்புக்குள்ள போனாரு. ஒவ்வொரு மரமா போயி தூர்ல கைய வெச்சு, நின்னு, அடுத்ததுக்குப் போறாரு. 140 மரம். எங்க தாத்தா வெச்சது பாதி, இவரு வெச்சது பாதி. மத்தியானம் ஆயிடுச்சு வர. வந்து "ஒம்போது நிக்குது"ன்னாரு. வேற எதுவும் சொல்லல. எனக்கு அன்னைக்குக் கோவம். இவ்வளவு வேலை கிடக்கு, இவரு மரத்தத் தொட்டுப் பார்த்துக்கிட்டு நிக்கிறாரேன்னு. ரெண்டு நாள் கழிச்சு ரோட்டோட வண்டிங்க வந்துச்சு. கண்ணாடிய இறக்கி, படம் பிடிச்சு, ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க. அவங்க கண்ணுல பட்டது விழுந்த மரம். அப்பாதான் எந்த மரம் விழுந்துச்சுன்னு பார்த்தாரு.

இருபத்தாறு நாள் கரெண்ட் இல்ல. அம்மா தீப்பெட்டிய அரிசிப் பானைக்குள்ள வெச்சிருந்தாங்க, நமத்துப் போகக் கூடாதுன்னு. ஒரு குச்சில அடுப்பு, அதே நெருப்புல விளக்கு. ரெண்டாவது குச்சி உரசினா திட்டு விழும். பன்னாடையும் காஞ்ச பாளையும்தான் எரியூட்ட. பன்னாடைக்குப் பஞ்சமே இல்ல அந்த மாசம்.

அடுத்த வருஷம் சென்னைல ரூம்ல உக்காந்து லாங் டார்க் முதல் தடவ ஆடுறேன். நெருப்பு மூட்டப் போனா, எதுல பத்த வைக்கிற, எத எரிக்கிற, உன் கைல எத்தன குச்சி இருக்கு, பத்திக்க நூத்துக்கு எத்தன வாய்ப்புன்னு ஒரு பலகை வருது. ஏழு குச்சி இருந்துச்சு. என் கை தானா மவுஸ விட்டுடுச்சு. கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்திருந்தேன். அரிசி வாசனை வந்த மாதிரி இருந்துச்சு.

இதையெல்லாம் கமெண்ட்ல எழுத முடியுமா? காக்கா சுத்துதுன்னு மட்டும்தான் எழுத முடிஞ்சுச்சு. அதுக்கு 400 பேரு சிரிச்சிருக்கீங்க. அதுல என்கூட கேம் பேசி, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் சாட் பண்ண நாலஞ்சு பேரும் இருக்கீங்க. உங்க பேரெல்லாம் அங்க பார்த்தேன். வலிக்குதுன்னு சொல்றதுல எனக்கு வெக்கம் இல்ல.

"மேட்டிமைத்தனம்"னு ஒரு வார்த்தையும் விழுந்துச்சு. மெதுவா ஆடுறவன் எல்லாம் அறிவுஜீவி வேஷம் போடுறானாம். எங்கப்பா எட்டாவதோட நிறுத்துனவரு. அவருதான் எனக்குத் தெரிஞ்சதுலயே மெதுவா பாக்குற ஆளு. இதுல எங்கேர்ந்து மேட்டிமை வந்துச்சு? வெயிலுக்கும் மழைக்கும் ஏத்த மாதிரி நடக்குறது நம்ம வீட்டுல வயசானவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். அது ஒரு கேம்ல வந்தா மட்டும் மொக்கையா?

போன தைக்கு அப்பா கண்ணு ஆபரேஷனுக்காக சென்னை வந்து எங்கூட பத்து நாள் இருந்தாரு. 2019ல வெச்ச நெட்டைக் கன்னுங்க பாளை விட ஆரம்பிச்சிருக்குன்னு வந்ததுலேர்ந்து அதே பேச்சு. ஒருநாள் ராத்திரி தூக்கம் வராம என் பின்னாடி சேர் போட்டு உக்காந்தாரு. நான் அந்தப் பனில நடந்துக்கிட்டிருக்கேன். என்ன விளையாட்டு, யாரு நீ, எதுக்கு நடக்குறன்னு எதுவும் கேக்கல. ஒரு கண்ணுல கட்டு. ரொம்ப நேரம் பேசாம பார்த்துக்கிட்டே இருந்தாரு.

அப்புறம் ஸ்கிரீனோட வலது மேல் மூலைய விரலால தொட்டாரு.

"அங்க காக்கா சுத்துது பாரு தம்பி. ஏதோ செத்துக் கெடக்கு. போய்ப் பார்த்துட்டு வா."

நான் அதுவரைக்கும் கவனிக்கல. போனேன். ஓடைக்கு அந்தப் பக்கம், பாதி பனி மூடி, மான் ஒண்ணு கிடந்துச்சு.