ஃபார் மீ ஒன் பிரதர் இஸ் தேர்

எங்கள் தெருவில் ஒரு பெண் பிளஸ் ஒன் படிக்கிறாள். சாயங்காலம் பாடம் கேட்க வீட்டுக்கு வருவாள். போன வாரம் "தே எலெக்டட் ஹிம் லீடர்" என்ற வாக்கியத்தைக் கொடுத்து, இதன் பேட்டர்ன் என்ன என்று கேட்டேன். நோட்டைக்கூடத் திறக்கவில்லை. "எஸ் வி ஓ சி, அத்தை" என்றாள். எழுவாய், வினை, செயப்படுபொருள், அந்தப் பொருளை நிரப்பும் சொல் என்ற வரிசை. எப்படிக் கண்டுபிடித்தாய் என்றேன். "ஹிம்மும் லீடரும் ஒரே ஆள். அதனால லீடர் சி" என்றாள். மிகச் சரி.

அப்புறம் பேச்சுவாக்கில், "கூடப் பிறந்தவங்க எத்தனை பேர்? இங்கிலீஷ்ல சொல்லு" என்றேன். கொஞ்ச நேரம் மேலே பார்த்தாள். "ஃபார் மீ ஒன் பிரதர் இஸ் தேர்" என்றாள். ஏதோ தப்பு என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டாள்.

எனக்கு அது மனசில் தைத்துவிட்டது. அவள் சொன்னதில் அலட்சியம் துளியும் இல்லை. "எனக்கு ஒரு தம்பி இருக்கான்" என்று தமிழில் நினைத்து, ஒவ்வொரு சொல்லாக எடுத்து, உருபைக்கூட விடாமல் வைத்திருக்கிறாள். "கு" உருபுக்கு "ஃபார்" போட்டிருக்கிறாள். இருக்கான் என்பதற்கு "இஸ் தேர்". இவ்வளவு கவனமாகக் கட்டிய பெண்ணிடம் "தப்பு" என்று மட்டும் சொல்லி அனுப்புவது அநியாயம்.

தமிழில் நாம் எத்தனை விஷயத்தை "எனக்கு" என்று தொடங்குகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். எனக்குத் தெரியும், எனக்குப் பிடிக்கும், எனக்குப் பசிக்கிறது, எனக்குக் காய்ச்சல், எனக்கு வேண்டும், எனக்கு ஒரு தம்பி. இதில் எதையும் நாம் "செய்வது" கிடையாது. நமக்கு நேர்கிறது, நம்மிடம் வருகிறது, அதனால் நான்காம் வேற்றுமை. ஆங்கிலத்தில் இந்த ஆறும் "ஐ" என்றுதான் தொடங்கும். ஐ நோ, ஐ லைக், ஐ ஆம் ஹங்ரி, ஐ ஹேவ் ஃபீவர், ஐ வான்ட், ஐ ஹேவ் எ பிரதர். இந்த ஆறையும் நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினேன். அவ்வளவுதான், ஏழாவதாக அவளே "எனக்கு ஞாபகம் இருக்கு, ஐ ரிமெம்பர்" என்றாள். ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் இந்த "எனக்கு" இருந்தது. பழைய நாடகங்களில் வரும் "மீதிங்ஸ்" என்ற சொல், "எனக்குத் தோன்றுகிறது" என்பதன் நேர்ச் சகோதரி. பிற்பாடு அந்த வழக்கம் தேய்ந்து, எல்லாமே "ஐ" ஆகிவிட்டது.

அடுத்தது எழுவாய். "வந்தேன்" என்றால் போதும், நான் என்பது அந்த "ஏன்" விகுதிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. தோன்றா எழுவாய் என்று எட்டாம் வகுப்புப் பையனுக்கும் தெரியும். ஆங்கில வினையில் அந்த விகுதி இல்லை. "கேம்" என்று மட்டும் சொன்னால் வந்தது யார் என்றே தெரியாது. ஆகவே எழுவாயை வெளியே வைத்தே தீர வேண்டும். சொல்வதற்கு ஆளே இல்லாத இடத்தில்கூட "இட்" என்று ஒன்றை உட்கார வைக்கிறார்கள். "மணி அஞ்சு" என்பது "இட் இஸ் ஃபைவ்" ஆவது அப்படித்தான். "ஹீ டாக்டர்" என்று சொல்லும் பிள்ளையும் பெயர்ப் பயனிலையைத்தான் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகிறது. "அவர் டாக்டர்" நமக்கு முழு வாக்கியம். ஆங்கிலத்தில் வினை இல்லாமல் வாக்கியம் நிற்காது, ஒரு "இஸ்" வேண்டும்.

சொற்களின் வரிசையும் இதே கதைதான். "நாய் பூனையைத் துரத்தியது", "பூனையை நாய் துரத்தியது", இரண்டும் ஒன்றுதான், "ஐ" உருபு காப்பாற்றுகிறது. ஆங்கிலத்தில் டாகையும் கேட்டையும் இடம் மாற்றினால் துரத்துவது பூனையாகிவிடும். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு வேற்றுமை விகுதிகள் இருந்தன. இன்று உடைமையைக் காட்டும் "எஸ்" போக, ஹீ-ஹிம், ஐ-மீ மாதிரி சில பதிலிச் சொற்களில்தான் மிச்சம். விகுதி போன இடத்தில் வரிசை வந்து உட்கார்ந்துகொண்டது.

இப்போது "டஸ்", "டிட்". எத்தனை வருஷம் படித்தாலும் "டஸ் ஷீ லைக்ஸ்", "டிட் நாட் கேம்" என்று எழுதாத பிள்ளை குறைவு. இதற்கு விதி சொல்லி மாளாது. நான் தமிழைத்தான் கூப்பிட்டேன். "வந்தான்" என்பதற்கு எதிர்மறை சொல்லு என்றேன். "வரலை." எழுத்துத் தமிழில்? "வரவில்லை." இப்போது "வந்தான்" எங்கே போனது? அவள் பென்சிலை வாயில் வைத்துக்கொண்டு அந்த இரண்டு சொல்லையும் மாறி மாறிப் பார்த்தாள். "வந்தான்ல இருந்த 'ஆன்' காணோம். 'ந்த்'தும் காணோம். வெறும் 'வர'தான் இருக்கு" என்றாள். இல்லை வந்ததும் வினை தன் நகையெல்லாம் கழற்றி வைத்துவிடுகிறது. "ஹீ கேம்" என்பது "ஹீ டிட் நாட் கம்" ஆகும்போதும் அதேதான் நடக்கிறது. ஒரு வித்தியாசம், கழற்றிய இறந்தகாலத்தை ஆங்கிலத்தில் "டிட்" வாங்கிப் போட்டுக்கொள்கிறது. "லைக்ஸ்" கழற்றிய "எஸ்" போய் "டூ"வில் ஒட்டி "டஸ்" ஆகிறது. ஒரே ஒரு எஸ்தான் இருக்கிறது, இரண்டு இடத்தில் எப்படி இருக்கும்? அன்றைக்குப் பத்து வாக்கியம் எழுதினாள், பத்தும் சரி. இந்த "டூ" ஆதியிலிருந்தே கட்டாயமாக இருந்ததும் இல்லை. 1611இல் வந்த ஆங்கில பைபிளில் "நோ யீ நாட்" என்று டூ இல்லாமலேயே கேட்கிறார்கள்.

எஸ் வி ஓ சி ஏ பாடத்தை (ஏ என்பது எங்கே, எப்போது, எப்படி என்று சொல்லும் பகுதி) நான் குறை சொல்லவில்லை, அது அருமையான பாடம். அதை நாம் பயன்படுத்தும் விதத்தில்தான் எனக்கு வருத்தம். இப்படி வினைக்கு வினை அமைப்பு வகுத்துக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் ஏ. எஸ். ஹார்ன்பி. அவர் ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தவர். ஜப்பானிய மொழியிலும் வினை கடைசியில்தான் வரும், நம்மைப் போலவே. அந்த மாணவர்கள் சரியான வாக்கியத்தைத் தாங்களே கட்ட வேண்டும் என்பதற்காகத்தான் இந்த வேலையெல்லாம். 1942இல் டோக்கியோவில் வந்த அவருடைய அகராதியிலேயே இந்த அமைப்புகள் உண்டு. கட்டுவதற்குக் கொடுத்த அச்சை நாம் கட்டிய வீட்டில் பெயர்ப்பலகை ஒட்டுவதற்கு வைத்திருக்கிறோம். கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். "எஸ் வி ஓ சி"யைக் கொடுத்து, உன் வீட்டில் நடந்ததை வைத்து ஒரு வாக்கியம் எழுது என்று கேளுங்கள். மதிப்பெண் போடுவது சிரமம்தான். போடட்டும்.

ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் அபராதம் வாங்கும் பள்ளியில் ஒரு வருஷம் வேலை பார்த்தேன். மேலே எழுதிய எதையும் அந்த வகுப்பில் நான் சொல்லியிருக்க முடியாது. பன்னிரண்டு வயதுக்குள் ஒரு பிள்ளைக்குத் தமிழ் இலக்கணம் முழுக்க நாக்கில் ஏறியிருக்கிறது. அதை வாசலில் செருப்போடு விட்டுவிட்டு வா என்பது எந்த ஊர் நியாயம்?

"தி"யைத் தமிழ் வழியாகச் சொல்ல முடியாது என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். நமக்கு அப்படி ஒரு சொல்லே இல்லையே. நேற்று அவளிடம் "புத்தகம் வாங்கினேன்", "புத்தகத்தை வாங்கினேன்", இரண்டும் ஒன்றா என்று கேட்டேன். "இல்லை அத்தை. 'புத்தகத்தை'ன்னா எந்தப் புத்தகம்னு உங்களுக்கும் எனக்கும் முன்னாடியே தெரியும்" என்றாள். முதலாவது "எ புக்", இரண்டாவது "தி புக்" என்று எழுதிக் காட்டினேன்.

கிளம்பும்போது வாசலில் நின்று, "அப்போ 'சாவியை எடுத்துட்டு வா'ன்னா 'தி கீ'யா?" என்றாள்.

ஆமாம்மா, தி கீ.